தயிர்ச்சட்டியின் மேல் சுமத்திய பழி

அக்கரைப்பற்றில் ஒரு பிள்ளையின் கண்ணோரத்திலோ விரல் நுனியிலோ வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்துவிட்டால், அன்றைக்கே விசாரணை குசினியில் தொடங்கிவிடும். மீன் ஆணத்தோடு தயிர் போட்டுத் தின்றாளா? சூடை பொரியலுக்குப் பிறகு பால் தேத்தண்ணி குடித்தாளா? கேட்பது மூத்தம்மா. பதில் சொல்லித் தலைகுனிய வேண்டியவள் உம்மா. நிந்தவூரில் கேட்டாலும் பொத்துவிலில் கேட்டாலும் இதே தீர்ப்புத்தான். ஆலையடிவேம்பிலும் தம்பிலுவிலிலும் உள்ள தமிழ் வீடுகளிலும் இதைத்தான் சொல்கிறார்கள். மீனும் பாலும் சேர்ந்தால் வெண்படை.

இந்தத் தீர்ப்புத் தவறு. கொஞ்சமும் மிச்சமில்லாமல் தவறு. வளரும் பிள்ளையின் சாப்பாட்டை அது பறிக்கிறது. தாயை வாழ்நாள் முழுக்கக் குற்றவாளியாக்கி வைக்கிறது. எல்லாவற்றையும் விட, மருந்து நன்றாக வேலை செய்யக்கூடிய முதல் மாதங்களைப் பத்தியத்தில் கழித்துவிடுகிறது. பழைய நம்பிக்கைதானே, தானாகப் போய்விடும் என்று விடவும் முடியவில்லை. ஏனென்றால் அது போகவில்லை. விஞ்ஞானச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

கைத்தொலைபேசியில் இப்போது சுற்றுகிற பேச்சு இது: வெண்படைக்குக் காரணம் ‘ஒட்சியேற்ற அழுத்தம்’ என்று ஆராய்ச்சியாளர்களே கண்டுபிடித்துவிட்டார்கள், பொருந்தாத உணவால் உடம்பில் நச்சுச் சேர்கிறது, அந்த நச்சுத்தான் ஒட்சியேற்றம், ஆகவே மூத்தம்மா சொன்னது சரி, ஆகவே இந்த ‘அன்டி ஒக்சிடன்ட்’ குளிசையை, இந்த முருங்கையிலைத் தூளை, இந்தக் கருஞ்சீரக எண்ணெயை வாங்குங்கள். முதல் வசனம் பாதி உண்மை. அதன் பிறகு வரும் ஒவ்வொரு ‘ஆகவே’யும் பொய்.

பழைய கதையை முதலில் பார்ப்போம். மீனையும் பாலையும் சேர்க்காதே என்ற விதி ஆயுர்வேதத்தில் உண்டு, யூனானியிலும் உண்டு. பரிசாரிமார் அங்கிருந்துதான் எடுத்தார்கள். நூலில் இருக்கிறது என்பது ஒரு விடயம், உடம்பில் நடக்கிறது என்பது இன்னொரு விடயம். நம் கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் மீன் ஆணமும் சோறும் தின்று, கடைசிப் பிடிக்கு எருமைத் தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடாத வீடு கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எத்தனை? சட்டித் தயிருக்குப் பேர்போன கிழக்கு மாகாணம் இது. மீனும் தயிரும் சேர்ந்து தோலை வெளுக்க வைக்கும் என்றால், இந்தக் கரையில் பாதிப் பேர் வெளுத்திருக்க வேண்டும். உலகத்தில் வெண்படை உள்ளவர்கள் கூடிப்போனால் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். மறுபக்கம் பாருங்கள்: தமிழ்நாட்டிலும் குஜராத்திலும் பரம்பரை பரம்பரையாக மீன் வாசனையே அறியாத சைவக் குடும்பங்களில் வெண்படை இருக்கிறது. அவர்கள் எந்த மீனைத் தின்றார்கள்?

இன்னொன்றையும் கேட்கிறேன். வெண்படையில் ஒரு வகை உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் வரும். இடது கன்னத்திலோ வலது காலிலோ ஒரு பட்டையாகப் படர்ந்து, உடம்பின் நடுக்கோட்டில் வந்து நின்றுவிடும். தின்றது இரத்தத்தில் கலந்து ஓடுகிறது. அது வலது கன்னம், இடது கன்னம் என்று பார்த்து ஒதுங்குமா? ஒரே சட்டியில் ஆறு பேர் சாப்பிடுகிற வீட்டில் ஒருவருக்கு மட்டும் வருகிறதே, மற்ற ஐந்து பேரின் தயிரில் என்ன குறைந்தது?

பத்தியம் மீனோடும் நிற்பதில்லை. புளி ஆகாது, தேசிக்காய் ஆகாது, தோடம்பழம் ஆகாது, முட்டை ஆகாது, கத்தரிக்காய் ஆகாது. இங்கேதான் விஞ்ஞானச் சட்டை கிழிகிறது. நோய் ஒட்சியேற்றத்தால் வருகிறது என்றால், தேசிக்காயிலும் தோடம்பழத்திலும் உள்ள விற்றமின் சி அதை எதிர்க்கிற பொருள். ஒரு கையால் அதைப் பிள்ளையின் கோப்பையிலிருந்து பறித்து, மறு கையால் அதையே குளிசையாக விற்கிறவர்களிடம் என்ன நியாயம் இருக்க முடியும்?

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். ஆய்வுகூடத்தில் ஒரு எளிய பரிசோதனை உண்டு. ஐதரசன் பரவொட்சைட்டுக் கரைசலில் சிறு துண்டு ஈரலைப் போட்டால் நுரை பொங்கிக்கொண்டு எழும்பும். ஈரலில் உள்ள கற்றலேசு என்ற நொதியம் அந்தப் பரவொட்சைட்டை உடைத்து நீராகவும் ஒட்சிசனாகவும் பிரித்துவிடுகிறது. அந்த வகுப்பில், எப்போதும் சட்டைக் கையை விரல் வரைக்கும் இழுத்து விட்டிருக்கும் ஒரு பிள்ளை, எல்லோரும் போன பிறகு நுரை அடங்காத கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றது. “சேர், வெண்படைக்காரருக்கு இது குறைவாம், போன்ல போட்டிருந்திச்சு. அப்ப ஈரல் திண்டா சரியாகிருமா?” அந்தப் பிள்ளையின் மத்தியானப் பெட்டியில் சோறும் பருப்பும் மட்டும்தான். மூன்று வருடமாக மீன் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. புள்ளிகள் விரலிலிருந்து மணிக்கட்டுக்கு வந்துவிட்டன. கண்ணின் கீழ்மடல் வெளிறிப்போய், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வெண்படை ஒரு பக்கம் இருக்க, இல்லாத ஒரு நோயையும் வீட்டாரே வரவழைத்திருக்கிறார்கள். இரத்தசோகை.

அவளுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். கற்றலேசு ஒரு புரதம். தின்றால் வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலவே செரித்து உடைந்துவிடும். ஈரலில் இருந்த நொதியம் ஈரலாகவே போய்த் தோலில் உட்காராது. ஈரலை நன்றாகச் சாப்பிடு, இரத்தம் ஊறும். புள்ளிக்கு வேறு வைத்தியம் இருக்கிறது.

அவள் போனில் பார்த்தது எங்கிருந்து வந்தது? காரின் ஷால்ரோய்ட்டர் என்ற ஜேர்மன் தோல் மருத்துவரும் கூட்டாளிகளும் 1991இல், வெண்படை உள்ளவர்களின் மேல்தோலில் கற்றலேசு குறைந்திருப்பதைக் காட்டினார்கள். வெளுத்த இடத்தில் மட்டுமல்ல, நிறம் மாறாத இடத்திலும் குறைவாக இருந்தது. 1999இல் உயிருள்ள தோலிலேயே ஒளியைப் பாய்ச்சி அளந்து, பரவொட்சைட்டு மிகுதியாகச் சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். இது நல்ல விஞ்ஞானம். இதை நான் மறுக்க வரவில்லை. அந்தப் பரவொட்சைட்டு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

அது பிறப்பது நிறத்தை உண்டாக்கும் கலத்துக்குள்ளேயே. மேல்தோலின் அடி வரிசையில் மெலனின் கலங்கள் இருக்கின்றன. ஒரு கலம் தன் கிளைகளை நீட்டிச் சுற்றியுள்ள முப்பத்தாறு தோல் கலங்களுக்கு நிறம் பரிமாறுகிறது. ரைரோசின் என்ற அமினோ அமிலத்தை ஒரு நொதியம் படிப்படியாக ஒட்சியேற்றித்தான் மெலனின் உருவாகிறது. நிறம் உண்டாகும் வேலையே ஒட்சியேற்ற வேலை. பாண் போறணையில் பாணோடு புகையும் வருகிறதல்லவா, அதைப் போலத்தான்: மெலனின் உருவாகும்போது பரவொட்சைட்டும் கூடவே வருகிறது. புகைபோக்கி நன்றாக இருந்தால் போறணைக்கு ஒன்றும் ஆகாது. வெண்படை வரும் தன்மையுள்ளவருக்கு அந்தப் புகைபோக்கி ஒடுங்கியிருக்கிறது. புகை சந்தையில் வாங்கிய மீனிலிருந்து வந்ததென்று சொல்வது போறணையையே பார்க்காதவர் பேச்சு.

அதோடு கதை முடிந்திருந்தாலாவது குளிசைக்காரருக்கு ஒரு இடம் இருந்திருக்கும். முடியவில்லை. பரவொட்சைட்டுத் தேங்கி ஒட்சியேற்ற அழுத்தத்தில் தவிக்கும் கலம் ஆபத்துச் சைகைகளை வெளியே விடுகிறது. உடம்பின் நிர்ப்பீடனத் தொகுதி அதைப் பார்த்து, தன் சொந்தக் கலத்தையே அந்நியன் என்று எடுத்துக்கொள்கிறது. டி கலங்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து மெலனின் கலங்களைத் தேடித் தேடிக் கொல்கின்றன. இன்டர்பெரோன் காமா என்ற செய்திப் பொருள் இன்னும் டி கலங்களை அதே இடத்துக்கு அழைக்கிறது. ஒட்சியேற்ற அழுத்தம் தீக்குச்சியைக் கிழித்துவிட்டுப் போகிறது. எரித்து முடிப்பது நிர்ப்பீடனம். தைரொயிட்டு நோய் போன்ற மற்றத் தன்னெதிர்ப்பு நோய்கள் வெண்படைக்காரருக்கு மற்றவர்களை விடக் கூடுதலாக வருவதும் இதனால்தான்.

சான்று வேண்டுமா? மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு, நிர்ப்பீடனத்தைத் தட்டியெழுப்பும் மருந்துகள் இப்போது கொடுக்கப்படுகின்றன. அந்த மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு வெண்படை போலவே தோல் வெளுக்கிறது. அவர்கள் சாப்பாட்டில் எதுவும் மாறவில்லை. எழுப்பிவிட்ட டி கலங்கள் நல்ல மெலனின் கலங்களையும் சேர்த்துத் தாக்கின. திருப்பிப் பாருங்கள்: இன்டர்பெரோன் காமாவின் செய்தியைக் கலத்துக்குள் போகவிடாமல் தடுக்கும் ரக்சோலிடினிப் என்ற பூச்சு மருந்தை 2022 ஜூலையில் அமெரிக்காவின் மருந்து அதிகாரசபை 12 வயதும் அதற்கு மேலும் உள்ள வெண்படை நோயாளருக்கு அங்கீகரித்தது. அது ஒட்சியேற்றத்தை எதிர்த்து வேலை செய்யும் மருந்து அல்ல. ஆனாலும் நிறம் திரும்புகிறது, மயிர்க்குழிகளைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக. இன்னொரு செய்தி: சிகிச்சையை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் பத்தில் நான்கு பேருக்குக் கிட்ட வெள்ளை திரும்பி வருகிறது, அதுவும் பழைய இடங்களிலேயே. அந்தத் தோலில் டி கலங்கள் நினைவோடு தங்கியிருக்கின்றன. போன வருடம் தின்ற தயிருக்கு அந்த நினைவு இருக்க வழியில்லை.

ஒட்சியேற்றத்தை நேரடியாக எதிர்க்கும் வைத்தியம் முயன்று பார்க்கப்படாமலும் இல்லை. கற்றலேசு செய்யும் வேலையைச் செய்யட்டும் என்று போலிக் கற்றலேசுக் களிம்பு ஒன்றை ஷால்ரோய்ட்டரே உருவாக்கினார். பெரிய நம்பிக்கை இருந்தது. 2009இல் வெளிவந்த ஒரு கட்டுப்படுத்திய ஆய்வில், புற ஊதா ஒளிச் சிகிச்சை எடுத்தவர்களில் அந்தக் களிம்பைப் பூசியவர்களும் மருந்தில்லாத வெறும் களிம்பைப் பூசியவர்களும் ஒரே அளவில்தான் குணம் கண்டார்கள். வேலை செய்தது ஒளிதான். நியாயமாக மற்றதையும் சொல்ல வேண்டும்: 2007இல் இத்தாலியில், விற்றமின் சி, ஈ, லிப்போயிக் அமிலம் கலந்த மருந்தை ஒளிச் சிகிச்சையோடு கொடுத்தபோது பலன் கூடியது. 2003இல் சண்டிகார் முதுகலை மருத்துவ நிறுவனத்தில் கிங்கோ இலைச் சாறு சிலருக்குப் பரவுவதை நிறுத்தியது. சிறிய ஆய்வுகள், சிறிய பலன். வைத்தியர் பார்த்துத் துணை மருந்தாகத் தரலாம். அதைத் தனி மருந்தாக, வைத்தியத்துக்கு மாற்றாக விற்பது ஏமாற்று.

கருஞ்சீரகத்தின் மேல் நம்மவர் வைத்திருக்கும் மரியாதை ஹதீஸிலிருந்து வருவது. அந்த மரியாதை எனக்கும் உண்டு. அந்த மரியாதையையே முதலாக வைத்து, கிளினிக்குக்குப் போகாதே, இந்தப் போத்தல் போதும் என்று சொல்கிறவரைத்தான் கண்டிக்கிறேன். ஈரானில் 2014இல் கருஞ்சீரக எண்ணெயை வெண்படையில் பூசிப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. எதோடு ஒப்பிட்டார்கள் தெரியுமா? மீன் எண்ணெயோடு. மீனைக் குற்றவாளி என்று நாம் ஒதுக்க, அங்கே அதன் எண்ணெயை மருந்தாகப் பூசியிருக்கிறார்கள்.

பழைய வைத்தியத்தை நான் எடுத்தெறிகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1248இல் டமஸ்கஸில் காலமான மூலிகை அறிஞர் இப்னு அல் பைத்தார், வட ஆபிரிக்காவின் பெர்பர் மக்கள் ஒரு செடியின் விதையைக் கொடுத்து நோயாளியை வெயிலில் இருத்தி வெண்படைக்கு வைத்தியம் செய்ததை எழுதி வைத்தார். கெய்ரோவின் அப்துல் முனிம் அல் முப்தி 1948இல் அதே செடியின் சாரத்தைப் பயன்படுத்திய அறிக்கையை வெளியிட்டார். இன்றைய ஒளிச் சிகிச்சையின் வேர் அதில் இருக்கிறது. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் வரும் கார்போகரிசியிலும் அதே இனப் பொருள் உண்டு. ஆனால் அளவில்லாமல் அரைத்துப் பூசி நடுவெயிலில் நின்று தோல் வெந்து போனவர்கள் இருக்கிறார்கள். வெந்த இடத்தில், உரசிய இடத்தில், காயப்பட்ட இடத்தில் வெண்படை புதிதாகக் கிளம்பும். முன்னோர் கண்டதில் சோதித்து நின்றது ஒளி. சோதனையில் நிற்காதது மீன் விலக்கு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிச் சுமக்க வேண்டியதில்லை.

எனக்கு எதிராக வைக்கக்கூடிய நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வெண்படை இருந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு 23 பேருக்குத்தான் என்று 2003இல் கண்டார்கள். பரம்பரை மட்டும் காரணமில்லை, வெளியிலிருந்தும் ஏதோ வருகிறது. அது ஏன் சாப்பாடாக இருக்கக் கூடாது? கேள்வி சரி. பதிலும் கையில் இருக்கிறது. 1939இல் அமெரிக்காவில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் தொழிலாளர் கைகள் வெளுத்தன. தேடிப் பார்த்தால் றப்பர் கையுறையில் கலந்திருந்த ஒரு இரசாயனம். ஜப்பானில் கனெபோ நிறுவனம் தோலை வெளுப்பாக்கும் பூச்சுகளை 2013 ஜூலையில் சந்தையிலிருந்து திருப்பி எடுத்தது. அதில் இருந்த ரொடோடெனோல் என்ற பொருளால் 18,000க்கும் மேற்பட்டவர்களுக்குத் தோல் வெள்ளைத் திட்டாக வெளுத்துவிட்டது. மெலனின் உண்டாக்கும் அதே நொதியம் அந்தப் பொருளை ஒட்சியேற்றி நஞ்சாக்கியது. கலம் தன் வேலையாலேயே செத்தது. மேற்கு வங்கத்தில் இரசாயனத்தால் தோல் வெளுத்த 864 பேரை ஆராய்ந்தபோது முதலிடத்தில் நின்றது தலைமயிர்ச் சாயம். வாசனைத் தெளிப்பான், சலவைப் பொருள், ஒட்டுப் பொட்டு, றப்பர்ச் செருப்பு எல்லாம் பின்னால் வந்தன. வெளியிலிருந்து வரும் ஒட்சியேற்ற அழுத்தம் என்று ஒன்று உண்டென்றால், அது தோல் வழியாக வருகிறது.

இதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. மீன் துண்டைக் கோப்பையிலிருந்து எடுத்துவிடும் அதே வீட்டில், கலியாணம் பேசும் வயது வந்ததும் லேபிள் கூட ஒழுங்காக இல்லாத வெளுப்புக் கிறீமை ஃபேன்ஸி கடையில் வாங்கிப் பூசுகிறார்கள். உள்ளே இரசம் இருக்கிறதா, ஐதரோகுயினோன் இருக்கிறதா, ஸ்டீரொயிட் இருக்கிறதா என்று கேட்பார் இல்லை. மெலனின் கலத்தை அடக்குவதற்கென்றே செய்த பொருள் அது. குசினியில் நடக்கும் விசாரணையை அலுமாரியின் கண்ணாடித் தட்டில் நடத்தியிருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும்.

“எங்கட மச்சான் மீனையும் தயிரையும் விட்டார், நிண்டிட்டே” என்பார்கள். வெண்படை தானாகவே வருடக்கணக்கில் நின்றுவிடும் தன்மை உடையது. சிலருக்கு வெயில் பட்ட இடத்தில் தானாக நிறமும் வரும். விட்ட பிறகு நின்றவரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. விட்டும் பரவியவர் “ஒளிச்சு வச்சித் திண்டிருப்பார்” என்ற பழியோடு வாயை மூடிக்கொள்கிறார். இப்படிக் கணக்குப் பார்த்தால் எந்தப் பத்தியமும் தோற்காது.

பயத்தின் இன்னொரு வேர் குட்டநோய். மட்டக்களப்பு வாவியின் நடுவில் மாந்தீவில் நோயாளரைக் கொண்டுபோய் வைத்த காலம் நம் மூத்தவர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. ‘வெண்குட்டம்’ என்று சொல்லிச் சொல்லி அந்தப் பயத்தை வெண்படையின் மேல் ஏற்றிவிட்டோம். வெண்படை தொற்றாது. தொட்டாலும், ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும், கட்டிக்கொண்டாலும் தொற்றாது. குட்டநோயின் திட்டு பால் வெள்ளையாக இருக்காது, மங்கலாக இருக்கும், தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும். அதற்கும் இலவசமாக மருந்து உண்டு, முழுக்கக் குணமாகும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுக்கும் நம் ஊரில், வீட்டுக்குக் கூரை போட்ட பிறகும் ஒரு விரல் வெள்ளைக்காகச் சம்பந்தம் முறிகிறது. முறிப்பவர்களிடம் கேட்கிறேன்: பெற்றோரில் ஒருவருக்கு வெண்படை இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. எதைப் பார்த்து முறிக்கிறீர்கள்?

வைத்தியம் இருக்கிறது. பூசும் ஸ்டீரொயிட், டக்ரோலிமஸ் களிம்பு, வேகமாகப் பரவினால் குறுகிய காலத்துக்குக் குளிசை, குறுகிய பட்டைப் புற ஊதா ஒளிச் சிகிச்சை. முகமும் கழுத்தும் நன்றாகக் கேட்கும். விரல் நுனியும் உதடும் இலேசில் கேட்காது. ஒளிச் சிகிச்சை வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஆறு மாதத்துக்கும் மேல் பிடிக்கும். கூலி வேலைக்காரரின் பிள்ளை அத்தனை தடவை தூரத்துக்குப் பஸ் ஏற முடியாது. பள்ளிவாசல் சம்மேளனங்களும் வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களும் அந்தப் பஸ் கூலிக்காவது ஒரு நிதி வையுங்கள். ஜும்ஆ மேடையில் ஐந்து நிமிடம் இது தொற்றாது என்று சொல்லுங்கள்.

பிள்ளையின் தோலில் புதிதாக வெள்ளை கண்ட தாய்மாருக்கு: அது உங்கள் குற்றம் இல்லை. மாதக்கணக்கில் பத்தியம் இருந்து பார்த்துக் காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்துக் காட்டுங்கள். தோல் விசேட வைத்திய நிபுணரின் கிளினிக் எங்கே, எந்த நாளில் என்று கேட்டு, அங்கே அனுப்பும்படி சொல்லுங்கள். பூசிக்கொண்டிருக்கும் கிறீம் டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.